கறுப்புக்குக் கீழே பாஜியின் வீடு

அன்று அந்த ஃபைலை அனுப்புவதற்கு முன்னால் பின்னணியை நிரப்ப மறந்துவிட்டேனா, அல்லது யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்தேதான் விட்டேனா?

இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அரிசி களையும்போது மறந்துவிட்டேன் என்று தோன்றுகிறது. மகளுக்குத் தலை பின்னும்போது, இல்லை, உனக்குத் தெரியும் என்று தோன்றுகிறது. இரண்டில் எது உண்மை என்று தெரிந்தால் அடுத்து என்ன செய்வது என்பதும் தெரிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் ஆகப்போகிறது. தெரியவில்லை.

நான் ஆம்பூரில் இருக்கிறேன். ஷூ ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனிக்குப் படங்களைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. கல்லூரி முடித்ததும் வேலூரில் லாங் பஜாரை ஒட்டிய சந்தில், ஒரு மாடியில் இருந்த கணினி மையத்தில் ஆறு மாதம் இதைப் படித்தேன். அதன் பிறகு கம்பெனியின் சாம்பிள் பிரிவில் மூன்று வருடம் உட்கார்ந்து வேலை செய்தேன். மகள் பிறந்த பிறகு, வீட்டிலிருந்தே செய்யுங்கள், படத்துக்கு இவ்வளவு என்று தருகிறோம் என்றார்கள். என் கணவரும் அதே கம்பெனியில் பெட்டி கட்டி அனுப்பும் பிரிவில் இருக்கிறார். அதனால் நான் மறுத்துப் பேசவில்லை.

வேலை என்னவென்று சொன்னால்தான் மற்றது புரியும். திரையில் தெரியும் ஒரு வண்ணப் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அடுக்குகள் சேர்ந்தது. ஒவ்வோர் அடுக்கையும் சேனல் என்பார்கள். நான்காவதாக இன்னொன்றைச் சேர்க்கலாம். அதற்கு ஆல்ஃபா சேனல் என்று பெயர். அதில் நிறமே கிடையாது. படத்தில் எந்த இடம் தெரிய வேண்டும், எந்த இடம் தெரியக் கூடாது என்பதை மட்டும் அது சொல்லும். அதில் வெள்ளை இருக்கும் இடத்தில் படம் தெரியும். கறுப்பு இருக்கும் இடத்தில் தெரியாது. சாம்பல் இருந்தால் அந்தச் சாம்பலின் அளவுக்கு மங்கலாகத் தெரியும். ஒரு ஷூவின் படத்தை எடுத்து, ஷூ இருக்கும் இடத்தை வெள்ளையாக்கி மற்றதையெல்லாம் கறுப்பாக்கிவிட்டால், ஷூ மட்டும் அந்தரத்தில் நிற்கும். வாங்குகிறவர்கள் அதற்குப் பின்னால் கடலை வைத்துக்கொள்ளலாம், மரப்பலகையை வைத்துக்கொள்ளலாம்.

எளிதாகத் தோன்றும். ஓரம்தான் கஷ்டம். மொழுமொழு என்ற தோலுக்கு ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். ஸ்வேட் தோலுக்குப் பூனை மயிர்போலச் சிறு ரோமம் நிற்கும். மெழுகு நூலால் கையால் தைத்த ஷூ என்றால் முடிச்சு போட்ட இடங்களில் நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பிசிறை வெள்ளையாக்கினால் பின்னணியும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வரும். கறுப்பாக்கினால் நூல் மொட்டையாகிவிடும். ஒவ்வொரு பிசிறுக்கும் அதற்கான சாம்பலைக் கண்டுபிடித்து வைக்க வேண்டும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. உண்டு என்றுதான் எழுத வேண்டும், ஏனென்றால் இன்றும் அந்த வேலையைத்தான் செய்கிறேன்.

கணினி மையத்தில் எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆல்ஃபா சேனல் என்ற தலைப்புக்குக் கீழே, கறுப்பு என்பது அழிப்பது அல்ல, மூடுவது மட்டுமே, அடியில் படம் அப்படியே இருக்கும் என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறேன். தேர்வில் கேட்பார்கள் என்று போட்ட கோடு. அதனால்தான் எனக்குத் தெரியாது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மூடிய பகுதி யாருக்கும் தெரியவே கூடாது என்றால், அனுப்புவதற்கு முன் அந்தப் பின்னணியின் மேலேயே ஏதாவது ஒரு நிறத்தை ஊற்றி நிரப்பிவிட வேண்டும். கம்பெனியில் எடுத்த படங்களுக்கு நான் அதைச் செய்வதில்லை. அங்கே ஷூவைச் சாம்பல் துணி கட்டிய கூடாரத்துக்குள் வைத்து எடுப்பார்கள். கறுப்பை விலக்கிப் பார்த்தாலும் அடியில் சாம்பல் துணிதான் இருக்கும். அதை யாரிடம் மறைப்பது. இரண்டு முறை மட்டும் படம் எடுத்தவரின் செருப்புக் கால் உள்ளே வந்திருந்தது. அப்போது நிரப்பினேன். ஆகவே எப்படிச் செய்வது என்பதும் எனக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டில் இருப்பவரை நான் பாஜி என்று கூப்பிடுவேன். அக்காவுக்கு அவர்கள் வீட்டில் சொல்லும் வார்த்தை அது. ஐம்பது வயதிருக்கும். அவர் கணவர் தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவர். இப்போது பத்து அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. உள் அறையில் கட்டிலில் உட்கார்ந்தபடியே இருப்பார். வீடு பாஜியின் கையால்தான் ஓடியது.

அவர் அப்பர் தைப்பார். ஷூவின் அடிப்பாகம் தவிர மேலே இருக்கும் தோலை இங்கே அப்பர் என்போம். மொக்காசின் வகை ஷூவுக்கு முன்பக்கத் தையலை மெஷினில் போட்டால் அழகு வராது. கையால்தான் போட வேண்டும், இரண்டு ஊசி, ஒரு மெழுகு நூல். ஏஜென்ட் ஒருவர் வண்டியில் மூட்டையைக் கொண்டுவந்து போடுவார். மூட்டைக்குள் இருக்கும் ஒவ்வொரு கட்டிலும் மாடல் எண்ணும் கம்பெனி முத்திரையும் போட்ட சீட்டு தொங்கும். தைத்து முடித்தால் சீட்டோடு திரும்பப் போய்விடும். எங்கள் தெருவில் மட்டும் பதினோரு வீடுகளில் இந்த வேலை நடந்தது. பாஜி பதினெட்டு வருடமாகத் தைத்தார். நூல் அறுக்காமல் இருக்க சைக்கிள் டியூபைத் துண்டு துண்டாக வெட்டி விரல்களில் மாட்டிக்கொள்வார். அப்படியும் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் நிரந்தரமாக இருந்தது.

என் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. நான் ஓரம் வெட்ட உட்கார்ந்தால் அவள் மௌஸைப் பிடித்து இழுப்பாள். பாஜிதான் ஒருநாள் வந்து தூக்கிக்கொண்டு போனார்.

"நீ பாரு உன் வேலய. இவ என்கூட இருக்கட்டும்."

"உங்களுக்குத் தொந்தரவு பாஜி."

"இன்னா தொந்தரவு. பேச்சுத் துணை. உள்ள இருக்கறவர் பேசுனா இருமல்தான் வருது."

அதிலிருந்து தினமும் காலை பத்திலிருந்து மதியம் வரை அவள் அங்கேதான். அதற்காக பாஜி என்னிடம் எதுவும் வாங்கிக்கொண்டதில்லை. நானும் கொடுக்க வேண்டும் என்று நினைத்து நினைத்து, கொடுத்தால் என்ன நினைப்பாரோ என்று விட்டுவிட்டேன். சில நாள் என் வீட்டு வாசலில் நின்று திரையைப் பார்ப்பார்.

"இன்னாம்மா இது. ஊரே செருப்பு தெக்கிது. நீ செருப்பச் சுத்தி இருக்கறத வெட்டிக்கினு கீற. இதுக்கா வேலூர் போய்ப் படிச்ச?"

"நீங்க தெச்ச நூல்தான் பாஜி இது. பாருங்க, எவ்வளவு பெருசாத் தெரியுது."

அவர் குனிந்து பார்த்தார். "ஒரு தையல் சாஞ்சி கீது. இத நான் தெக்கல. எதுத்த வீட்டுக்காரி தெச்சது." சொல்லிவிட்டு, எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி சிரித்தார்.

அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. மகளுக்கு முதல் நாள் காய்ச்சல் விட்டிருந்தது, ஆனாலும் சிணுங்கினாள் என்று பாஜி வீட்டுக்கே அனுப்பிவிட்டேன். பதினொரு மணிக்கு கம்பெனியின் மெர்ச்சண்டைசர் சார் போன் செய்தார். வெளிநாட்டு வியாபாரிகளோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர் அவர்.

"மேடம், அந்தப் புது மொக்காசின் தெக்கிற அம்மா உங்க பக்கத்து வீடுதானே?"

"ஆமா சார்."

"சாம்பிள் ஒரு ஜோடி அவங்ககிட்டதான் இருக்கு. வெளிநாட்டு பையருக்கு இன்னிக்கே தையலைப் பார்க்கணுமாம். வண்டி அனுப்பி எடுத்துனு வந்து ஷூட் பண்ணா நாளைக்கு ஆயிடும். நீங்களே போன்ல எடுத்துடுங்க. பேக்ரவுண்ட எடுத்துட்டு ஆல்ஃபாவோட அனுப்புங்க. ஓரத்த அவங்க டிசைனரே சரி பண்ணிக்குவாங்களாம்."

பாஜி வீட்டில் வாசலுக்கு நேராகத்தான் வெளிச்சம் வரும். அங்கே பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். பாத வடிவக் கட்டையில் ஏற்றிய அப்பரை முழங்கையில் தாங்கி உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன். அவர் பின்னால் மூட்டை அவிழ்ந்து கிடந்தது, மேலே இருந்த கட்டின் சீட்டு தொங்கியது. மூட்டையின் மேல் சாய்ந்து உட்கார்ந்து என் மகள், கழிவாகப் போட்ட ஒரு தோல் துண்டில், நூல் இல்லாத மொட்டை ஊசியைக் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பாஜி செய்வதுபோலவே நாக்கை ஓரமாக நீட்டியிருந்தாள்.

"பாரு உன் பொண்ண. காலையிலிருந்து வேலைக்குச் சேந்துட்டா. சம்பளம் ரெண்டு பிஸ்கோத்து."

"அசையாதீங்க பாஜி, கை ஆடுது."

"என் கை ஆடுதா. உன் போன் ஆடுது."

நான்கு படம் எடுத்தேன். தையல் எதில் தெளிவாக விழுந்திருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். மற்றதெல்லாம் எனக்குக் கறுப்பாகப் போகிற பகுதி. பாய், மூட்டை, சீட்டு, பாஜியின் முகம், என் மகள், எல்லாம். அவளைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தேன். எடுத்துவிடப்போகிற ஒன்றாகப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து வேலையை ஆரம்பித்தேன். நூல் பிசிறு அதிகமாக இருந்தது. இரண்டு மணி நேரம் பிடித்தது. நடுவில் மகள் அழுதுகொண்டே வந்தாள். அவளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் மிச்சத்தை முடித்தேன். அவள் நெற்றி மறுபடி சுட்டது. ஃபைலை அனுப்பினேன். மூன்று சேனலோடு நான்காவதும் சேர்த்து, கேட்டபடி. நிரப்பவில்லை.

எட்டு நாள் எதுவும் இல்லை. ஒன்பதாம் நாள் சார் கூப்பிட்டார். "கொஞ்சம் ஆபீஸ் வர முடியுமா மேடம். குழந்தையக் கூட்டிட்டு வராதீங்க."

போகும் வழியெல்லாம் எந்தப் படத்தில் எந்த ஓரத்தைத் தப்பாக வெட்டினேன் என்று யோசித்தேன். அவர் அறையில் என் கணவரும் நின்றிருந்தார். பெட்டி ஒட்டும் டேப் துண்டு சட்டையில் ஒட்டியிருந்தது.

கணினித் திரையில் நான் எடுத்த படம், முழுதாக. கறுப்பாக்கிய அத்தனையும் இருந்தது. நான்காவது சேனலைக் கணக்கில் எடுக்காத மென்பொருட்கள் சில உண்டு. மூன்றை மட்டும் திறந்து காட்டிவிடும். வெளிநாட்டு வியாபாரிகளின் ஆபீசில் யாரோ அப்படி ஒன்றில் திறந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டது ஒரே ஒரு வரி. இந்தக் குழந்தை யார், எந்த இடத்தில் வேலை செய்கிறது.

என் மகளின் முகம் அவ்வளவு தெளிவாக விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. குனிந்த தலை, நீட்டிய நாக்கு, கையில் ஊசி. தெரியாதவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்களோ அதை நானும் ஒரு நிமிடம் நினைத்தேன். இந்த ஒன்றை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

"சார், அவ என் பொண்ணு. விளையாடிக்கினு இருந்தா."

"எனக்குத் தெரியும் மேடம். அவங்களுக்குத் தெரியாதே. குழந்தைத் தொழிலாளர்னு போட்டா இன்னா ஆகும்னு யோசிச்சீங்களா? கம்பெனிய விடுங்க. ஆபீசருங்க வந்து நின்னா மொதல்ல அம்மாவத்தான் கேப்பாங்க. வீட்ல தெக்க விடக் கூடாதுன்னு வேற அவங்க ரூல்."

மேசை மேல் கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. படத்தில் இருப்பது என் வீடு. குழந்தை என் மகள். அங்கே இருக்கும் அப்பர்கள் படம் எடுப்பதற்காக நான் கம்பெனியிலிருந்து கொண்டுபோனவை. அங்கே யாரும் எதையும் தைக்கவில்லை. படத்தில் இருக்கும் பெண் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நான் வைத்திருப்பவர்.

மூன்று முறை படித்தேன். குழந்தை என் மகள் என்பது மட்டும் உண்மை.

"சார், பாஜி தெக்கிறாங்கன்னு உங்களுக்கே தெரியுமே. நீங்கதானே போன்ல..."

"நான் இன்னா போன்ல சொன்னேன்?" என்றார். குரலை உயர்த்தவில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் கேட்டார்.

என் கணவரைப் பார்த்தேன். அவர் மெதுவாக, "போட்டுடு" என்றார். போட்டேன். வழக்கமாகப் போடும் சுருக்கக் கையெழுத்து வேண்டாம், முழுப் பெயராகப் போடுங்கள் என்றார் சார். போனில் இருந்த நான்கு படங்களையும் அங்கேயே அழிக்கச் சொன்னார். அழித்தேன். வீட்டு லேப்டாப்பில் வேலை செய்த ஃபைல் இருப்பதை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதைத் துணிச்சல் என்று எண்ணிவிட வேண்டாம். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியவள் நான்.

அதற்கு அடுத்த வாரம் ஏஜென்ட் வந்து பதினோரு வீட்டிலும் மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பாதி தைத்ததைக்கூட விடவில்லை. பாஜி ஒரு அப்பரின் கடைசி நான்கு தையலை அவர் நிற்கும்போதே போட்டு முடித்துக் கொடுத்தார்.

"இன்னா விஷயம் பாய்?"

"மேல இருந்து சொல்ட்டாங்க பாஜி. வீட்டு வேலயே கெடயாது. எவளோ போட்டோ புடிச்சி அனுப்பிட்டாளாம்."

நான் என் வீட்டு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். எவளோ என்றது யாரை என்று பாஜிக்குத் தோன்றவே இல்லை. எதிர்வீட்டுப் பெண்ணின் மேல் தெருவுக்கே சந்தேகம் வந்தது. அவள் தம்பி செல்போன் கடையில் இருக்கிறான் என்பதுதான் காரணம். இரண்டு மாதம் அவளோடு யாரும் சரியாகப் பேசவில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

பாஜி அப்பளம் உருட்டினார். கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போனார். என் மகளை எப்போதும்போலவே பார்த்துக்கொண்டார். ஊசி இல்லாமல் உட்கார்ந்திருக்கும் அவர் கையை நான் பார்க்க மாட்டேன். அவர் கணவருக்கு மூச்சுக்கு இழுக்கும் மருந்தை நாளுக்கு இரண்டு தடவையிலிருந்து ஒன்றாகக் குறைத்தார்கள். டாக்டர் குறைக்கச் சொன்னாரா என்று கேட்டேன். "மருந்துகூட ஜாஸ்தி ஆனா ஒடம்புக்கு ஆகாதாம்" என்று பாஜி சொன்னார். யார் சொன்னது என்று சொல்லவில்லை.

கோடை முடிகிற சமயத்தில், தொழிலாளர்களுக்காக வேலை செய்யும் ஒரு சங்கத்திலிருந்து ஒரு பெண் தெருவுக்கு வந்தார். வெளிநாட்டு வியாபாரிகள் ஒன்றைச் சொல்லியிருக்கிறார்களாம். வீட்டில் தைத்தவர்களை வேலையை விட்டு அனுப்பியது தவறு, உண்மையில் தைத்தவர்களைக் கம்பெனிக்குள்ளேயே வேலைக்கு எடுக்க வேண்டும், வயதானவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று. கம்பெனியோ, எங்களுக்கு அந்தத் தெருவில் யாரும் தைக்கவே இல்லை, எழுத்திலேயே ஆதாரம் இருக்கிறது என்கிறதாம்.

அந்த எழுத்து என்னுடையது.

சங்கத்துப் பெண் வீடு வீடாகக் கேட்டார். சம்பளச் சீட்டு உண்டா? கிடையாது. ஏஜென்டின் நோட்டு? அவர் போனை எடுப்பதே இல்லை. கட்டோடு வந்த சீட்டில் ஒன்றாவது எடுத்துவைத்தீர்களா? எதற்கு எடுத்துவைப்பார்கள். ஒரு சீட்டு குறைந்தால் ஒரு கட்டு குறைந்ததாகக் கணக்கு, அடுத்த மூட்டை வராது. பதினெட்டு வருடம் எல்லாச் சீட்டையும் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்ததால் பாஜியிடம் ஒன்றுமே இல்லை.

மறுநாள் பாஜி ஒரு வெள்ளைத்தாளோடு என் வீட்டுக்கு வந்தார்.

"நீதான் படிச்ச பொண்ணு. எனக்கு ஒரு மனு எழுதிக் குடு. நல்லா எழுது. அழுவுற மாதிரி வேணாம். தெச்சேன், எனக்கு வேல தெரியும், அவ்ளோதான்."

எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அவர் சொல்லச் சொல்ல ஆண்டுகளையும் மாடல்களையும் எழுதினேன். முடித்ததும் கைநாட்டு வேண்டாம் என்று உருதுவில் தன் பெயரை மெதுவாக எழுதினார். பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கு நீ போன்ல புடிச்சியே. நான் கையில வச்சிக்கினு இருந்தேனே. அதுல சீட்டு உழுந்திருக்குமா?"

நான் உடனே பதில் சொன்னேன். யோசித்திருந்தால் வேறு சொல்லியிருப்பேனா தெரியாது.

"இல்ல பாஜி. பின்னாடி இருக்கறதெல்லாம் எடுத்துட்டேனே. ஷூ மட்டும்தான் இருக்கு."

"ஆமா இல்ல. அதான உன் வேலையே." சிரித்தார். "நல்லா வெட்டுற நீ. போவட்டும் வுடு."

அவருக்கு அந்த வேலையைப் பற்றித் தெரிந்தது என் வாசலில் நின்று பார்த்த அளவுதான். வெட்டினால் போய்விடும் என்று தோலைப்போல நினைத்திருப்பார். போகவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு ஃபைலைத் திறந்து ஆல்ஃபா சேனலை அணைத்தேன். ஒரு சொடுக்குதான். பாஜி வந்தார், பாய் வந்தது, சீட்டு வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். மாடல் எண்ணைப் படிக்க முடிகிறது. முத்திரையும் முக்கால்வாசி தெரிகிறது. வியாபாரிகளிடமும் இதே படம் இருக்கிறது, ஆனால் அது என் வீடு என்று என் கடிதம் சொல்லிவிட்டது. அது பாஜியின் வீடு என்று நான் சொன்னால், பதினோரு வீட்டுக்கும் சேர்த்து இருக்கும் ஒரே ஆதாரம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அதன் மேல் சாய்ந்து என் மகள்.

பிறகு சில நாள் வேறு ஒரு முயற்சி செய்தேன். புதிதாக ஒரு சேனல் போட்டு, பாஜியையும் சீட்டையும் வெள்ளையாக்கி மகளை மட்டும் கறுப்பாக்கினேன். ஓரம் வெட்டுவதில் நான் கெட்டிக்காரி என்று சொன்னேனே, அவள் முடியின் ஒவ்வோர் இழைக்கும் சாம்பல் வைத்தேன். நடுவில் குழந்தை வடிவத்தில் ஓர் ஓட்டை. அவள் இல்லாத அந்த இடத்தைப் பார்க்க முடியாமல் லேப்டாப்பை மூடிவிட்டேன். மறுபடி திறந்து அந்த ஓட்டையை மூட்டையின் நிறத்தால் நிரப்பினேன். பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் முழுப் படமும் கம்பெனியிடம் இருக்கிறது. திருத்திய படத்தைக் கொடுத்தால், இவள் திருத்துகிறவள், எதை வேண்டுமானாலும் சேர்ப்பாள் எடுப்பாள் என்று அதைக் காட்டிவிடுவார்கள். அது பாஜிக்கு உதவாது, கெடுதலாகவே முடியும். திருத்தியதை அழித்தேன்.

ஆகவே கொடுத்தால் முழுதாகத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தால் நான் எழுதிக் கொடுத்தது பொய் என்று ஆகும். என் வேலை போகும், கணவர் வேலையும் போகலாம். அதைக்கூட ஒரு பக்கம் வைக்கிறேன். ஊசியோடு இருக்கும் என் மகளின் முகம் இன்னும் யார் யார் மேசைக்கோ போகும். விளையாடினாள் என்று அப்போது நான் சொன்னால், ஒரு தடவை பொய் எழுதியவள் சொல்வதை யார் நம்புவார்கள்? பாஜியையே, குழந்தையை வைத்து வேலை வாங்கினாய் என்று கேட்டுவிட்டால்? என் மகளைச் சும்மா பார்த்துக்கொண்டதற்கு அதுதான் அவருக்குக் கிடைக்குமா?

கணவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது கேட்டேன்.

"எழுதிக் குடுத்தாச்சு. இப்ப எடுத்துக் காட்னா நம்மதான் மாட்டுவோம்."

"பாஜி?"

"பாஜிக்கு நாம மாசாமாசம் ஏதாவது செய்யலாம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம். நானும் ஒரு மாதம் பருப்பும் எண்ணெயும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாஜி வாங்கிக்கொண்டு, "இன்னா விசேஷம்" என்று கேட்டார். அடுத்த மாதம் கொடுக்கவில்லை.

சங்கத்துப் பெண் மறுபடி வந்திருந்தார். தை மாதம் கம்பெனியையும் தைத்தவர்களையும் உட்கார வைத்துப் பேசப்போகிறார்களாம். அதற்குள் எது கிடைத்தாலும் கொடுங்கள் என்றார். என் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்து, "உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். பக்கத்தில் பாஜி என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். தெரியாது என்றேன்.

இதைப் படிக்கிறவர்களில் சட்டம் தெரிந்தவர்கள் இருக்கலாம். இப்படிப்பட்ட கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள் இருக்கலாம். சின்னக் குழந்தை வைத்திருக்கும் அம்மாக்கள் நிச்சயம் இருப்பீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். படத்தை முதலில் பாஜியிடம் காட்டி, நான் செய்ததை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கொடுப்பதா வேண்டாமா என்பதை அவரிடமே விட்டுவிடலாமா? அது என் பாரத்தை அவர் தலையில் ஏற்றுவது ஆகுமா? அல்லது அவரிடம் சொல்லாமல் நேராகச் சங்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிடுவதா? நான் முழுப் பெயரில் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற ஏதாவது வழி இருக்கிறதா? குழந்தையின் முகத்தை வெளியே போகாமல் காத்து, படத்தை ஆதாரமாக மட்டும் காட்ட அதிகாரிகள் ஒத்துக்கொள்வார்களா? உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், அல்லது இதுபோல ஒன்றைச் செய்துவிட்டுப் பிறகு சரிசெய்திருந்தால், இந்த இதழுக்கு எழுதுங்கள். எனக்கு வந்து சேரும். தை பிறப்பதற்குள் எழுதுங்கள்.